அக்கி எழுதினால் மட்டும் போதுமா?

முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், குத்தல். 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்ப்போம். சில நாளில் அதே இடம் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பும். இதுதான் அக்கி.

முன்பு வந்த சின்னம்மையின் வைரஸ் கிருமி நரம்பு வேரில் பதுங்கிக் கிடக்கும். வயதாகி, எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அந்த நரம்பு போகும் வழியே வெளிவரும். அதனால்தான் ஒரு பக்கமாகப் பட்டை போட்டாற்போல் வருகிறது.

குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். எரிச்சலுக்குக் குளுகுளு என்றிருக்கும். நரம்புக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது. உடைந்த கொப்புளத்தில் பூசினால் சீழ் பிடிக்கலாம்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டி, அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். அலட்சியம் செய்தால், முக்கியமாக வயதானவர்களுக்கு, புண் ஆறியும் மாதக்கணக்கில் நரம்பு வலி வாட்டும். நெற்றி, மூக்கு நுனி, கண் ஓரத்தில் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். பார்வைக்கே ஆபத்து.

வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில், சுத்தமான துணியை நனைத்து ஒற்றி எடுக்கலாம். காரம் குறைத்து, கஞ்சி, மோர் சாப்பிடலாம்.

கொப்புள நீர் பட்டால் அடுத்தவருக்கு அக்கி வராது. அம்மை கண்டிராதவருக்குச் சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை புண்ணை மூடி வையுங்கள். துண்டு தனியாக இருக்கட்டும். அம்மை வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கிட்டே விடாதீர்கள்.