பறித்த பின்னும் சாகாத இலை

பைப்புக்கான புகையிலையைத் தாமே கலந்துகொள்பவர்களிடம் வழக்கமாக ஐந்து வகைகள் இருக்கும்: வெர்ஜீனியா, பர்லி, ஓரியண்டல், லட்டாக்கியா, பெரிக். ஒன்று இனிக்கும், ஒன்று கரிப்புகை மணக்கும், ஒன்று புளித்த பழம்போல் மூக்கைத் தொடும். ஐந்துமே நிகோட்டியானா டபாக்கம் என்ற ஒரே தாவர இனம். இந்த வேறுபாட்டில் ரகத்துக்கும் மண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் என்னை வியக்கவைப்பது, செடியைவிட்டுப் பிரிந்த பிறகு இலைக்குள் நடப்பதுதான்.

பறித்ததும் இலை செத்துவிடுவதில்லை. பல நாள் சுவாசிக்கிறது. தாரை வெட்டி வைத்த பிறகும் வாழைக்காய் பழுத்து இனிப்பதுபோல, இதிலும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. பிறகு சுவாசம் அந்தச் சர்க்கரையையே தின்று தீர்க்கிறது. பாடம் செய்வது என்பது, இலையின் உயிர் எந்தக் கட்டத்தில் போகவேண்டும் என்று முடிவுசெய்வதுதான்.

வெர்ஜீனியா இலையை மூடிய கொட்டகையில், புகை படாத வெப்பத்தில் மஞ்சளாக்கி, உடனே சூட்டை ஏற்றி உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். சர்க்கரை தீர்வதற்குள் இலை செத்துவிடுவதால், எடையில் ஐந்தில் ஒரு பங்குவரைகூடச் சர்க்கரை தங்கிவிடும். 1839இல் வட கரோலைனாவின் காஸ்வெல் மாவட்டத்தில், அபிஷா ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன், அணையவிருந்த நெருப்பில் அவசரமாகக் கரியைப் போட்டாராம். திடீரென ஏறிய சூட்டில் இலை பொன்மஞ்சளாக வந்ததாம். அந்தப் பொன்னிற இலையால் பண்ணைக்காரர்கள் செழித்தார்கள். வரலாற்றில் முதலில் நிற்கவேண்டிய பெயர் ஸ்டீபனுடையதுதான்.

பர்லி நேர்மாறு. காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கும். மெல்லச் சாகும் இலை தன் சர்க்கரையை ஏறக்குறைய முழுதும் செலவழித்துவிடும். அதன் புகை காரத்தன்மை மிக்கது. அதில் நிகோடின் கட்டற்ற வடிவில் இருப்பதால் வாயின் உட்தோல் வழியே எளிதில் உடலுக்குள் இறங்கும். வெர்ஜீனியாவின் புகையோ அமிலச் சாயல் கொண்டது. ஆகவே இரண்டையும் கலப்பவர் இனிப்பை மட்டும் கூட்டிக் குறைக்கவில்லை. நிகோடின் உடலில் சேரும் வேகத்தையும் மாற்றுகிறார்.

பெரிக் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துச் சரக்கு. இலையை ஓக் பீப்பாய்களில் திணித்துத் திருகு ஜாக்கியால் அழுத்துவார்கள். காற்றில்லாமல், தன் சாற்றிலேயே ஊறி அது நொதிக்கும். இடையிடையே எடுத்து ஆற்றி மறுபடி அழுத்துவார்கள். ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்குள் மணம் செறிந்துவிடுவதால், கலவையில் பத்தில் ஒரு பங்கே பெரும்பாலும் போதும். சிரியத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய லட்டாக்கியா இன்று முக்கியமாக சைப்ரஸிலிருந்து வருகிறது. விறகுப் புகையில் தொங்கும் அந்த இலை, மரத்தின் லிக்னின் எரிந்து பிறக்கும் பீனால்களை உறிஞ்சிக் கறுத்துவிடும்.

இலையின் மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் சிதையும்போது டமாஸ்கினோன் போன்ற மணப்பொருள்கள் உருவாகின்றன. ரோஜா எண்ணெயின் மணத்திலும் அதற்குப் பங்குண்டு. கலந்த இலைகளைச் சில வாரம் மூடிவைத்தால் ஈரம் சமமாகி, ஒன்றின் மணம் மற்றொன்றில் ஏறும்.

இதே பாடம் செய்தலில்தான் நஞ்சும் பிறக்கிறது என்பதை மறைத்துவிட்டு மணத்தை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. இலைமேல் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன. அது நிகோடினோடும் அதன் உறவுச் சேர்மங்களோடும் இணைந்து நைட்ரோசமீன்கள் உருவாகின்றன. அவற்றில் சில மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதிசெய்யப்பட்டவை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காத பைப் பிடிப்பவருக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய் வருகிறது. வெர்ஜீனியா கொட்டகைகளில் எரிவாயு பர்னரின் கழிவுவாயு இலைமேல் படுவதும் நைட்ரோசமீன் உருவாக ஒரு காரணம் என்று தெரிந்ததும், 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் வெப்பப் பரிமாற்றிகளைப் பொருத்தினார்கள். அந்த இலையில் நைட்ரோசமீன் வெகுவாகக் குறைந்தது. பர்லிக்கு அந்த வழி இல்லை. அங்கே பர்னரே கிடையாது. வாரக்கணக்கில் ஈரக்காற்றில் தொங்கும் இலையும் அதன்மேல் பெருகும் நுண்ணுயிர்களும்தான்.