சக்கரம் வேண்டாம், விரல் போதும்!

தமிழக அரசு ஊழியர்களுக்கு 60 வயதில் ஓய்வு. மறுநாள் முதல் கையெழுத்துக்காக ஃபைல் எதுவும் வராது. சும்மா இருக்கும் அந்தக் கைகளுக்குக் களிமண் நல்ல துணை.

சக்கரம் தேவையில்லை. எலுமிச்சையைவிடப் பெரிய மண் உருண்டையில் கட்டைவிரலால் குழி போட்டு, சுற்றிலும் கிள்ளி அழுத்தினால் கிண்ணம். மண்ணைக் கயிறாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கினால் குடுவை. கைமுறுக்கு சுற்றிப் பழகிய பாட்டிகளுக்கு இது தண்ணி பட்ட பாடு!

முதல் கிண்ணம் கோணலாகத்தான் வரும். அலுவலகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்தியவருக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். பேரன் சிரித்தால் இன்னும் கஷ்டம். விரிசலும் விடலாம். சுவர் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் இருந்தால், மெலிந்த இடம் முதலில் காய்ந்து சுருங்கி இழுக்கும். எனவே வெயிலில் வைக்காமல், பிளாஸ்டிக் தாளால் லேசாக மூடி, நிழலில் சில நாட்கள் உலர விடுங்கள். ஈரம் போகாமல் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, கிண்ணம் வெடித்துவிடும்.

சிந்திக் காய்ந்த மண்ணைப் பெருக்காதீர்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள். விரல் மூட்டு வலி இருந்தால், மண்ணை நன்றாக இளக்கிக்கொள்ளுங்கள்.

செய்தது பிடிக்கவில்லையா? சுடுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டால், மறுபடியும் களிமண்தான்.