மழைக்காலத் தும்மலும் வீட்டுப் பரிகாரங்களும்

ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால், செப்டம்பர் முடியும் வரை மும்பையில் துணிகள் முழுதும் உலர்வதில்லை. தாராவியின் ஒற்றையறை இல்லங்களிலும், மாட்டுங்கா, செம்பூர்க் குடியிருப்புகளிலும் சுவர்களில் ஓதம் ஏறிப் பூஞ்சணம் படர்கின்றது. விடிந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர்வடிதல், கண்ணரிப்பு! இதனைச் சளி என்றே நாம் எண்ணிவிடுகிறோம். காய்ச்சலின்றி, அரிப்புடன், வாரக்கணக்கில் நீடிப்பது பெரும்பாலும் ஒவ்வாமையேயாகும்.

1873-ல் ஆங்கிலேய வைத்தியர் சார்லஸ் பிளாக்லி, இத்தகைய தும்மலுக்கு மகரந்தம் ஒரு காரணம் என்று காட்டினார். 1964-ல் ஹாலந்து ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத உண்ணியையும் காரணமாகக் கண்டனர். மெத்தையிலும் தலையணையிலும் உறைந்து, நம் தோலின் உதிர்வுகளை உண்டு வாழும் இதற்கு ஈரக்காற்றே உவப்பானது.

ஆகவே பரிகாரம் படுக்கையில் தொடங்கவேண்டும். விரிப்பையும் உறையையும் வாரமொருமுறை நன்கு சூடான நீரில் துவைத்தல் நலம். வெயில் கண்ட நாளில் மெத்தையைக் காயவைக்கலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். அலுவலகத்தில் பழைய பேரேடுகளைப் புரட்டும் புகைவண்டிக் குமாஸ்தாக்களாகிய நாங்கள் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வதும் இதற்காகவே. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திச் சுருளும் சுவாசக் குழாயை உறுத்துவன, கொசுவலையே உத்தமம்.

மூக்கடைப்புக்கு, கொதித்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பிட்டு மூக்கைக் கழுவலாம். குழாய்நீரை அப்படியே பயன்படுத்தலாகாது. நொச்சியிலை ஆவி சற்று இதமளிக்கும். ஆனால் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் அபாயம் உண்டு. மிளகுப்பால் தொண்டைக்கு இதம், நோய்க்கு மருந்தன்று.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறோம். ஊரிலிருந்து சூரணம் வந்துவிட்டதென்று, வைத்தியர் கொடுத்த இன்ஹேலரைச் சிலர் நிறுத்திவிடுகின்றனர். அது பழக்கமாகிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. மூச்சிரைப்பு மிகுந்து, பேசவும் இயலாமல், உதடு நீலம் பாய்ந்தால், கைவைத்தியத்தில் ஒரு நிமிடமும் கழிக்காமல் சயான் ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ விரையவேண்டும்.

வீட்டுப் பரிகாரம் நோயைத் தணிக்கலாம். உயிரைக் காக்கும் மருந்துக்கு மாற்றாகாது. அன்பர்கள் இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு மழைக்காலத்தைச் சுகமாகக் கழிப்பார்களாக.