நிதானச் சதுரங்கமும் விரைவுச் சதுரங்கமும்

சதுரங்கம் ஆடுவோர் இக்காலத்தில் முதலாவது தீர்மானிக்க வேண்டிய விஷயம் எந்தக் காயை முன்னே நகர்த்துவது என்பதன்று. எத்துணை நேரத்திற்குள் ஆடுவது என்பதேயாம். பலகை ஒன்றே, காய்கள் முப்பத்திரண்டே; ஆயினும் கடிகாரத்தில் வைக்கும் நிமிஷங்கள் மாறினால் ஆட்டத்தின் இயல்பே மாறிப்போகின்றது. இணையவழியில் இரவெல்லாம் மூன்று நிமிஷ ஆட்டங்கள் ஆடிக் கைதேர்ந்த மாணாக்கர் சிலர், நான்கு மணி நேரம் உட்கார வேண்டிய போட்டியிற் புகுந்தவுடன் சோர்ந்து விடுவதுண்டு. ஆதலின் இவ்விரு முறைகளின் வேறுபாட்டைச் சிறிது ஆராய்வோம்.

உலகச் சதுரங்கச் சம்மேளனமாகிய ஃபிடே ஆட்டங்களை மூவகையாகப் பிரித்துள்ளது. ஒருவருக்கு 60 நிமிஷமும் அதற்கு மேலும் கிடைப்பது நிதான ஆட்டம்; 10 நிமிஷத்திற்கு மேல் 60-க்கு உட்பட்டது விரைவாட்டம்; 10 நிமிஷமும் அதற்குக் குறைவும் மின்னலாட்டம். இக்காலக் கடிகாரங்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டித் தருவன. இஃது அமெரிக்க வீரர் பாபி பிஷர் வகுத்த முறை. அவ்விநாடிகளை அறுபது நகர்த்தல்களுக்குக் கணக்கிட்டே வகை பிரிப்பர். 90 நிமிஷமும் 30 விநாடிக் கூட்டும் கொண்ட ஆட்டத்தில் ஒருவருக்கு 120 நிமிஷம். இருவருக்கும் சேர்த்து நான்கு மணி. 15 நிமிஷமும் 10 விநாடியும் ஆனால் 25 நிமிஷம். 3 நிமிஷமும் 2 விநாடியும் ஆனால் வெறும் ஐந்தே நிமிஷம்.

இவ்விஷயத்தில் நம் கோயம்புத்தூருக்கு ஓர் இடமுண்டு. 1988-ஆம் ஆண்டு இந்நகரில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்றே விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆயினார். அப்பட்டத்திற்குரிய தகுதி நிதான ஆட்டங்களிலேயே ஈட்டப்பட வேண்டும் என்பது விதி. 2019-இல் கிராண்ட்மாஸ்டரான ஈரோட்டு இளைஞர் இனியனுக்கும் அவ்விதியே. எனினும் ஆனந்தைப் பற்றி உலகம் முதலில் வியந்தது அவருடைய வேகத்தையே யன்றோ? 2003-இலும், பின்னர்த் தம் நாற்பத்தெட்டாம் வயதில் 2017-இல் ரியாத் நகரிலும், உலக விரைவுப் பட்டத்தை வென்றார். 2012-இல் மாஸ்கோவில் கெல்பாண்டுடன் நிதான ஆட்டங்கள் பன்னிரண்டும் 6–6 எனச் சமமாக முடிய, விரைவாட்டத்தில் 2½–1½ என வென்றே உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். வேகமும் நிதானமும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் அரிதாயினும் இயலாததன்று.

இதற்கு மறுதலையான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கின்றது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷும் சீனத்து டிங் லிரெனும் பதினான்காம் ஆட்டத்திற்கு வந்தபோது புள்ளிகள் சமம். அவ்வாட்டமும் சமனாகியிருந்தால் விரைவாட்டங்களே பட்டத்தைத் தீர்மானித்திருக்கும். சமனாகவே தோன்றிய இறுதி நிலையிற் குகேஷ் அவசரமின்றி அழுத்தம் கொடுத்துக் கொண்டே யிருந்தார். 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். பதினெட்டு வயதுப் பிள்ளை உலக வீரரானார். நிதான ஆட்டத்திலும் பிழை நேரும்; ஆனால் அது பெரும்பாலும் பல மணி நேரக் களைப்பின் பயன். விரைவாட்டத்துப் பிழையோ காணாமையின் பயன்.

சீட்டாட்டமாகிய போக்கரிலும் வேகப் போட்டி, மெதுப் போட்டி என்று உண்டு. கட்டாயப் பந்தயத் தொகை விரைந்து உயருமிடத்து ஆராய்ச்சிக்கு இடமின்றி அதிர்ஷ்டத்தின் கையே ஓங்கும். (பணம் வைத்து இணையவழியில் ஆடுவதை 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பாராளுமன்றம் தடுத்துவிட்டது, தடுத்தது நன்றே.) சதுரங்கத்திற் சீட்டு மறைவில்லை, ஆயினும் கடிகாரம் மிகக் குறுகும்போது அதுவே முப்பத்து மூன்றாவது காயாகிவிடுகிறது. தோற்கும் நிலையிலுள்ளவன் எதிரியின் நேரத்தைத் தின்று பிழைக்கிறான்.

அப்படியாயின் மாணாக்கன் எதைத் தேர்வது? கற்கத் தொடங்கியவன் நிதான ஆட்டத்தையே நாடுக என்பது என் துணிபு. அங்கே நகர்த்தல்களைத் தாளில் எழுதியே தீர வேண்டும். எழுதியதை வீட்டிற் பிரித்துப் பார்த்தால் தோல்வியின் வேர் புலப்படும். விரைவாட்டத்தில் எழுதும் கட்டாயமில்லை. நூறு ஆட்டம் ஆடியும் நூறாவதில் முதலாவதின் பிழையே நிற்கும். நெடு நேரம் ஆராய்ந்து பழகிய அமைப்புகளே பின்னர்ப் பார்த்த மாத்திரத்தில் நினைவுக்கு வருமாதலின், வேகமும் இங்கேதான் விளைகிறது.

ஆனால் நிதானப் போட்டி பல நாள் நீளும். வெளியூராயின் தங்குமிடச் செலவும் வகுப்பு நஷ்டமும் உண்டு. திருப்பூரிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ வரும் ஏழை மாணாக்கனுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும் விரைவுப் போட்டியே கைக்கெட்டும். அவன் விடுமுறையில் ஒரு நிதானப் போட்டியும், பருவ நாட்களில் 15 நிமிஷ ஆட்டங்களும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தவுடன் நினைவிலிருந்து எழுதி வைத்தல் அவசியம். மின்னலாட்டம் ஆட விரும்பினால் விநாடிக் கூட்டு உள்ளதையே தேர்க. கூட்டில்லாவிடில் ஒரு யானை மிகுதியாக வைத்திருந்தும் வெற்றியை முடிக்க நேரமின்றித் தோற்க நேரிடும்.