ஆறாத அரிப்பு: சிமெண்ட் ஊரிலும் மக்காச்சோளக் காட்டிலும்

உள்ளங்கையில் வெடிப்பு, விரல் இடுக்கில் நீர் கசியும் புண், ராத்திரியெல்லாம் அரிப்பு. கொத்தனாரிடம் கேட்டால், “சிமெண்ட் வேலைன்னா அப்படித்தான்” என்பார். அப்படி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அதற்கான சான்று பல ஆண்டுகளாகவே மருத்துவ உலகின் கையில் இருக்கிறது.

அரியலூரின் சுண்ணாம்புக்கல், கிரெடேசியஸ் காலத்தில் இங்கே அலையடித்த கடலின் மிச்சம். அரசின் டான்செம் முதல் தனியார் ஆலைகள் வரை அதை நம்பித்தான் சூளை மூட்டியிருக்கின்றன. கல்லிலும் களிமண்ணிலும் குரோமியம் சிறிதளவு கலந்திருக்கும். 1,400 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் அதில் ஒரு பகுதி, தண்ணீரில் எளிதில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியமாக மாறுகிறது. ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரித்து வழி திறக்க, குரோமியம் உள்ளே இறங்குகிறது. உடல் அதை ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால், அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் தொடரலாம். கலவைச் சட்டியைத் தொடுவதையே விட்ட பிறகும் சிலருக்குப் புண் ஆறுவதில்லை. அவர்கள் காலைப் பார்க்க வேண்டும்: தோல் செருப்புகளில் பெரும்பாலானவை குரோமிய உப்பில் பதனிடப்பட்டவை!

டென்மார்க் ஆலையிலேயே வைத்தியத்தைத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே சிமெண்டில் இரும்பு சல்பேட் கலந்தார்கள். ரத்தசோகைக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருக்கும் உப்புதான் அது. தோலுக்குள் எளிதில் நுழைய முடியாத வகையாகக் குரோமியத்தை அது மாற்றிவிடுகிறது. கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமிய ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பத்து லட்சத்தில் 2 பங்கு என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. நாள்பட்டால் இரும்பு சல்பேட்டின் வீரியம் குறையும் என்பதால் மூட்டையில் தேதியும் போட வேண்டும். அரியலூர் மூட்டைகளிலும் குரோமிய அளவு அச்சாக வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது நியாயமாகவே இருக்கும்.

பக்கத்துப் பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் காடுகளின் வரப்பில் வேறொரு எதிரி: பார்த்தீனியம். 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்ட இந்தச் செடி நாடெங்கும் பரவிவிட்டது. தொட வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்த துகள் காற்றில் வந்தாலே போதும். இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று தடித்துக் கறுத்துப்போகும்.

இதற்கான சிகிச்சையில் இந்திய ஆய்வுகளுக்கு நல்ல பங்குண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் மற்றொரு குழுவுக்கு அசாத்தியோபிரினும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன. இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆனால் பக்கவிளைவும், நிறுத்தியதும் நோய் திரும்புவதும் ஸ்டீராய்டில்தான் அதிகம். அசாத்தியோபிரின் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. கடையில் சொல்லி வாங்கும் களிம்புகளின் கதை இன்னும் கவலைக்குரியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அதற்குக் காரணம், தோல் மெலிந்து முகம் சிவந்து வந்து நின்ற நோயாளிகள்தான்.

குற்றவாளி சிமெண்டா, செடியா என்று பிரித்துச் சொல்வது ஒட்டுச் சோதனை. 1895இல் யாடஸோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. ஆலையும் காடும் அருகருகே இருக்கும் இந்த வட்டாரத்தின் தோல் நோய்களைத் தொடர்ந்து பதிவுசெய்ய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சோதனைக்குப் போகிறவர்கள் வேலையில் மாட்டும் கையுறையையும் தினமும் போடும் செருப்பையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அவற்றிலிருந்து சிறு துண்டு நறுக்கியும் ஒட்டிப் பார்க்கலாம்.