உங்களுக்குத் தெரியுமா? வீட்டு எண்ணெய் டேங்க் ஒழுகினால் யார் தலையில் விடியும்?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் குளிர்காலத்தில் எண்ணெய் எரித்தே கதகதப்பாகின்றன. பேஸ்மென்ட்டில் நிற்கும் வழக்கமான இரும்பு டேங்க் 275 கேலன் பிடிக்கும். அதாவது ஏறத்தாழ 1,040 லிட்டர்.

இந்த டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. காற்றின் ஈரம் உள்சுவரில் நீராகப் படிந்து, எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தேங்கும். அங்கே நுண்ணுயிர்கள் பெருகும், கசடு சேரும், இரும்பு அரிக்கப்படும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 லிட்டர் மண்ணுக்குள் போய்விடும்.

தெருவில் நின்று எண்ணெய் ஊற்றும் லாரிக்காரருக்கு உள்ளே இருக்கும் டேங்க் கண்ணில் படாது. காதுதான் அவருக்குத் துணை. காற்று வெளியேறும் குழாயில் பொருத்திய விசில், எண்ணெய் ஏற ஏற ஒலித்துக்கொண்டே இருக்கும். டேங்க் நிரம்பும் தறுவாயில் நின்றுவிடும். தொடக்கத்திலேயே விசில் கேட்கவில்லை என்றால் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கேஸுக்கு மாறி டேங்கை எடுத்த பிறகும் வெளிச்சுவரில் நிரப்புகுழாயை விட்டுவைத்த வீடுகள் உண்டு. முகவரி மாறி வந்த லாரி அந்தக் குழாய் வழியே பேஸ்மென்ட் தரையிலேயே எண்ணெயைக் கொட்டிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. டேங்க் போகும்போது குழாயும் போக வேண்டும்.

தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கை எண்ணெய் டேங்க் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. 2008 டிசம்பர். கவார்த்தா லேக்ஸ் நகரில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து சில நூறு லிட்டர் எண்ணெய் கசிந்து, நகராட்சி நிலத்துக்குள் இறங்கி, மழைநீர் வடிகால் வழியே ஸ்டர்ஜன் ஏரியை எட்டியது. துப்புரவு பாதியில் இருக்கும்போதே வீட்டுக்காரரின் காப்பீட்டுப் பணம் தீர்ந்துபோனது. உடனே சுற்றுச்சூழல் அமைச்சகம், 'உன் நிலத்தை நீயே சுத்தம் செய்' என்று நகராட்சிக்கு உத்தரவிட்டது. எங்கள் மேல் ஒரு தப்பும் இல்லையே என்று நகராட்சி மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகப் போனது. 2013-இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றுவிட்டது. யார் தவறு என்பது அப்புறம். முதலில் நீரும் மண்ணும் சுத்தமாக வேண்டும் என்பதே இதன் சாரம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஏரிக்குள் போன எண்ணெய், தீர்ப்பு வரும்வரை காத்துக்கொண்டு நிற்காது.

அதே கசிவுக்காக வீட்டுக்காரர் எண்ணெய் விநியோகித்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். பழியில் 60 சதவீதம் வீட்டுக்காரர் மேல், 40 சதவீதம் நிறுவனத்தின் மேல் என்று 2017-இல் நீதிமன்றம் பிரித்தது. டேங்கைத் தானே பொருத்தியது, முறையாகப் பராமரிக்காதது, கசிவைக் கண்ட பிறகும் சரிவரச் செயல்படாதது ஆகியவை அவர் பக்கத்துக் குறைகள். டேங்கை முழுமையாகச் சோதிக்காமலே எண்ணெய் ஊற்றிவந்தது நிறுவனத்தின் குறை. 2019-இல் மேல்முறையீட்டிலும் இந்தப் பங்கீடு மாறவில்லை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே மத்திய அரசின் நிலத்தடி டேங்க் விதிகள், வீட்டிலேயே எரிப்பதற்காகச் சேமிக்கும் எண்ணெய் டேங்குகளுக்குப் பொருந்தாது. எனவே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

வழக்கமான வீட்டுக் காப்பீட்டு பாலிசிகளில், மாசுக்கு இழப்பீடு கிடையாது என்ற விலக்கு பெரும்பாலும் இருக்கும். பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர் பலருக்கு எண்ணெய் ஒழுகிய பிறகுதான் இந்த வரி கண்ணில் படுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி, எண்ணெய்க் குழாயில் பாதுகாப்பு வால்வோ உறையோ பொருத்தியவர்களுக்குக் கசிவுக் காப்பீடு தர காப்பீட்டு நிறுவனங்கள் முன்வந்தாக வேண்டும்: சொந்த இடத்தைச் சுத்தம் செய்ய 50,000 டாலர், பிறர் இழப்புக்கு 2,00,000 டாலர். ஆனால் அது தானாக வந்து சேராது. வீட்டுக்காரர் கேட்டு வாங்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் பழைய வீடு வாங்குவோர் முதலில் தோட்டத்தில் உலோகம் கண்டறியும் கருவியை ஓட்டிப் பார்க்கிறார்கள். முந்தைய உரிமையாளர் புதைத்த டேங்க் அடியில் கிடக்கலாம். 1993 செப்டம்பர் 14 அன்றோ அதன் பிறகோ வாங்கியவர், வாங்கும் முன் உரிய ஆய்வு செய்திருந்தால்தான் 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் எடுபடும். துப்புரவுச் செலவில் பங்கு கேட்டு மற்றப் பொறுப்பாளிகள் மீது தொடுக்கும் வழக்குக்குக் காலக்கெடுவே இல்லை என்று 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாரிஸ்டவுன் நகரக் கடைவளாகம் ஒன்றின் எண்ணெய் டேங்க் குழாய்க் கசிவில் பிறந்த வழக்கு அது.

கசிவைத் தெரிவிப்பதற்கோ கெடு உண்டு: மாசசூசெட்ஸில் 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் எண்ணெய் வெளியேறினாலே 2 மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.