நிகழாதவற்றின் இலக்கணம்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்களுக்குப் பெரும் மயக்கத்தை விளைவிப்பது, இல்லாத நிலையொன்றைக் கற்பனை செய்து உரைக்கும்போது அம்மொழி இறந்தகால வினைவடிவத்தை மேற்கொள்ளும் விசித்திரமே ஆகும். ‘இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்’ என்று ஒருவர் சொன்னால், அவர் கடந்துபோன செல்வத்தைக் குறித்துப் பேசவில்லை. இன்று பணமில்லை, இருந்தால் வீடு வாங்குவேன் என்பதே அதன் தாத்பரியம். ‘ஐ விஷ் ஐ நியூ’ என்னும் ஆசைமொழியும் இவ்விதியையே அநுசரிக்கிறது; முடிந்துபோனதற்கு வருந்துவதாயின், ‘ஐ விஷ் ஐ ஹேட் நோன்’ என்று இன்னும் ஒரு படி பின்னே செல்ல வேண்டும்.

இதில் திகைப்பதற்கு ஏதுமில்லை. ‘வந்தால்’, ‘போனால்’ என்னும் நம் சொற்களும் இறந்தகால அடியிலிருந்தே பிறந்தவை அல்லவா? ஆதலின், சூத்திரங்களை நெட்டுருப் பண்ணுவதைவிட, தம் சொந்த விருப்பங்களையும் ஏக்கங்களையும் நாள்தோறும் இவ்வாக்கியங்களில் அமைத்து எழுதிப் பழகுவதே மாணவர்க்கு உத்தமமான சாதனமாகும்.